பதினெட்டு மிளகு

கொல்லிமலையில் ஒரு காபித் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் ரைட்டராக இருந்த காலத்துக் குறிப்புப் புத்தகங்கள் ஆறு இன்னும் என்னிடம் இருக்கின்றன. ஒன்றின் ஓரத்தைக் கரையான் தின்றிருக்கிறது. மற்றவை நன்றாகவே இருக்கின்றன. எல்லாப் பக்கத்திலும் முதல் வரி மழை. பெய்திருந்தால் எத்தனை அங்குலம், எத்தனை சென்ட் (அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு). பெய்யாவிட்டால் ஒரு சுழி. அதற்குக் கீழேதான் மற்ற சங்கதிகள்: யார் வந்தார்கள், எது பூத்தது, எந்தப் புத்தகத்தைப் படித்து முடித்தேன் என்பவை. யுத்தம் வருவதற்கு இரண்டு வருஷம் முந்தைய புத்தகத்தில், பங்குனி மாதத்தில், ஒன்பது பக்கங்களில் மட்டும் மழைக்குப் பக்கத்தில் இன்னோர் எண் இருக்கிறது. 36, 38, 40, மறுபடியும் 38 என்று போகும். அது ஒரு பெரியவரின் நாடித் துடிப்பு. அந்த எண்கள் அங்கே வர நேர்ந்ததில் எனக்கும் பங்கு உண்டு. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

தோட்டம், மலையின் பிரிவுகளில் ஒன்றான எடப்புளி நாட்டில் இருந்தது. முதலாளி கீழே சமவெளிக்காரர், வருஷத்துக்கு இரண்டு முறை ஆட்கள் தூக்கும் டோலியில் மேலே வருவார். மழை அளக்கும் கருவியை வைக்கச் சொன்னவர் அவர்தான். துத்தநாகப் புனல் ஒன்று, அதன் கீழே ஒரு குப்பி, தனியாக ஓர் அளவுக் குவளை. காலை எட்டு மணிக்குக் குப்பியில் சேர்ந்த தண்ணீரைக் குவளையில் ஊற்றி, அளந்து, எழுதி, கொட்டிவிட வேண்டும். ஊரார் அதை மழை டப்பா என்றார்கள். ஆடுகள் வந்து முட்டாமல் அதைச் சுற்றி மூங்கில் வேலி கட்டிக்கொடுத்தவர் பக்கத்து நிலத்துப் பெரியவர். வேலி கட்டிய நாளிலிருந்து அந்த டப்பாவில் தனக்கும் பாதி உரிமை வந்துவிட்டதாக அவருக்கு ஓர் எண்ணம். எட்டு மணிக்கு வந்து நிற்பார். நான் எண்ணைச் சொன்னதும் தலையாட்டிவிட்டுத் தம் காட்டுக்குப் போவார்.

வயது எழுபதுக்குக் குறையாது. அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. மலையில் ஒருவர் நிலத்தில் மற்றவர் முறை வைத்து வேலை செய்வது வழக்கம். இன்று நீ என் சாமைக் காட்டில் களையெடுத்தால் நாளை நான் உன் காட்டில். காய்ச்சலில் படுத்து நான்கு நாள் போகமுடியாமல் போனால் பலர் அதைப் பேசாமல் விட்டுவிடுவார்கள். இவர் விடமாட்டார். உடம்பு தேறியதும் அந்த நான்கு நாளையும் போய்ச் செய்து தீர்த்துவிட்டுத்தான் தம் காட்டில் கால் வைப்பார். "விட்ட நாளு விட்டதா ஆயிருமுங்களா?" என்பார்.

அந்த வருஷம் ஐப்பசியில் எனக்கு மலைக் காய்ச்சல் கண்டது. மூன்று நாள் எழுந்திருக்க முடியவில்லை. நான்காம் நாள் காலை தடியை ஊன்றிக்கொண்டு டப்பாவிடம் போனபோது பெரியவர் வேலியோரம் கவலையாக நின்றார்.

"ஏனுங்க ரைட்டரே, மூணு நாளு மழ போச்சுதுங்களே. அத்தன பேஞ்சுதே!"

"எங்கேயும் போகலீங்க. குப்பியிலதான் இருக்குது," என்றேன். நான்கு நாள் தண்ணீரையும் குவளை குவளையாக அளந்து கூட்டினேன். நான்கு தேதிகளையும் ஒரு வளைவுக் கோட்டால் அணைத்து மொத்தத்தை எழுதினேன். "விட்ட நாளையும் சேர்த்து அளந்துட்டா கணக்கு சரியாப் போச்சு. ஒண்ணும் வீணாகலை."

பெரியவருக்குப் பரம திருப்தி. அந்த வளைவுக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். எனக்கு அந்தப் பேச்சு மறந்தே போயிற்று.

தை மாதம் மிளகு பறிக்கும் சமயத்தில் அவருக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. பலாமரத்தில் ஏறி மிளகுக் கொடியில் கைவைத்தால் மூச்சு வாங்கியது. பிறகு படுத்தாலே மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்தபடியே உட்கார்ந்திருந்தார். மகனும் அண்டை வீட்டார் மூவரும் அவரை டோலியில் வைத்து அடிவாரத்துப் புளியஞ்சோலைப் பக்கம் இறக்கினார்கள். நானும் கூடப் போனேன். சோலையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு டிஸ்பென்சரி இருந்தது. அங்கே இருந்த டாக்டர் ஐம்பதைத் தாண்டியவர்; மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் நாடி பார்த்தார். இருதயம் தளர்ந்துவிட்டது, அதனால்தான் நீர் கோத்திருக்கிறது என்றார். ஒரு பழுப்பு நிறக் குப்பி கொடுத்தார். சாய்த்தால் சொட்டுச் சொட்டாக விழும்படி மூடியில் பள்ளம் இருந்தது. காலையில் பத்துச் சொட்டு, சாயந்திரம் பத்துச் சொட்டு, தண்ணீரில் விட்டுக் குடிக்க வேண்டும். ஒரு குப்பி முப்பது நாளைக்கு வரும். "ஒழுங்காக் குடிக்கணும்," என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

ஒழுங்கு என்ற சொல்லைக் கேட்டால் நான் சும்மா இருக்கமாட்டேன். மேலே வந்ததும் ஒரு முழுத்தாளில் கட்டம் போட்டேன். காலைக்கு ஒரு சூரியன், மாலைக்கு ஒரு பிறை. நாளுக்கு இரண்டு கட்டம். குடித்ததும் கரியால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். "ஒரு வேளைகூட விடக் கூடாதுங்க. ஒரு கட்டம்கூட வெறுமையா இருக்கக் கூடாது," என்று மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவை என்பது எனக்கு நினைவில் இருக்கிறது. ஏனென்றால் மூன்றாம் தடவை அவர் மனைவி குறுக்கிட்டார்.

"ஏங் கண்ணு, அவுருகிட்டப் போயி இதச் சொல்றியே. எனக்குத் தாலி கட்டறப்ப மூணு முடிச்சு போட்டது பத்தாதுன்னு இழுத்து இழுத்துப் பாத்த மனுசனாச்சே!"

ஆத்தா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். வாய் கொஞ்சம் நீளம், மனசும் அப்படியே.

மாசி பாதிக்குள் வீக்கம் வடிந்துவிட்டது. பெரியவர் மறுபடியும் எட்டு மணிக்கு வேலியோரம் நின்றார். நான் எண்ணைச் சொன்னதும் அவரும் தம் கட்டத்தாளை மடியிலிருந்து எடுத்துக் காட்டுவார். ஒரு புள்ளியும் தவறியிருக்காது. பங்குனி முதல் தேதி, திங்கட்கிழமை, இரண்டாவது குப்பியைத் திறந்தார்கள், புதுத்தாளும் போட்டுக்கொடுத்தேன்.

பங்குனி எட்டாம் தேதி அவர் மருமகளுக்கு அம்மை போட்டது. வாசலில் வேப்பிலை கட்டிவிட்டார்கள். அம்மா வந்திருக்கும் வீட்டில் தாளிக்கமாட்டார்கள், தலை சீவமாட்டார்கள், வெளியாள் உள்ளே போகக் கூடாது. மருந்து என்பது அந்த வீட்டில் யாருக்குமே கூடாது. அம்மாவை வீட்டில் வைத்துக்கொண்டு இன்னொரு வைத்தியம் பார்த்தால் அவளுக்கு மரியாதைக் குறைவு. குப்பியையும் என் கட்டத்தாளையும் ஓர் ஓலைப்பெட்டியில் போட்டு, காட்டோரத்துக் காவல் குடிசையில் கொண்டுபோய் வைத்துவிட்டதாக ஆத்தா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னார். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வாசலில் நின்று வாதாட எனக்கு வாய் வரவில்லை. தள்ளி நின்று பெரியவரைப் பார்த்தேன். கால் லேசாக வீங்கியிருந்தது, மூச்சு சீராக இருந்தது. ஒன்பது நாள் தாங்கிவிடுவார் என்று எண்ணிக்கொண்டேன். அந்த எண்ணம் தப்பில்லை. அந்த ஒன்பது நாளில் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

பதினாறாம் தேதி செவ்வாய்க்கிழமை மருமகளுக்கு அம்மை இறங்கி மூன்றாம் தண்ணீர் ஊற்றினார்கள். மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீர் வாசலெல்லாம் ஓடிற்று. மறுநாள் புதன்கிழமை காலை பெரியவர் பழையபடி வந்து நின்றார். "மருந்த ஆரம்பிச்சாச்சுங்க," என்றார். நல்லதாகப் போயிற்று என்றேன். வியாழனும் வந்தார். வெள்ளிக்கிழமை கொஞ்சம் வாடின முகத்தோடு வந்து, "இன்னிக்கு உங்க டப்பா மஞ்சத் தண்ணி ஊத்தினாப்பல இருக்குதுங்க," என்றார். வீட்டில் நடந்த சடங்கைப் பற்றி ஏதோ பேசுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். என் புத்தகத்தில் அந்த நாளுக்கு ஒரு சுழி மட்டும்தான் இருக்கிறது.

இருபதாம் தேதி, சனிக்கிழமை, எட்டு மணிக்கு அவர் வரவில்லை. எட்டேகாலுக்கு நான் அவர் வீட்டுக்குப் போனேன்.

"வா கண்ணு, உள்ள வா. அதெல்லாம் கழிஞ்சாச்சு," என்றார் ஆத்தா.

"பெரியவர் எங்கீங்க? வரலீங்களே."

"அவுரு மேல அம்மா இன்னும் இருக்கறா. பாக்கறதெல்லாம் மஞ்சளாத் தெரியுதாமா. காத்தால என்ற மூஞ்சியப் பாத்து, மஞ்சப் பூசினாப்பல இருக்கறயேங்கறாரு. கண்ணாலத்தன்னிக்குக்கூட இந்த மனுசன் என்ற மூஞ்சிய நிமுந்து பாத்ததில்ல." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். "சோறுதான் எறங்க மாட்டேங்குது. எதக் குடுத்தாலும் கக்கிப்போடறாரு. வகுத்துல ஏதோ கெட்டுக் கெடக்குதுன்னு நேத்து பேதிக்கு நெலாவாரப் பொடி கலக்கிக் குடுத்தேன். நாலுவாட்டி போனாரு. அப்புறம் எந்திரிக்கவே இல்ல."

உள்ளே பெரியவர் சுவரோரம் படுத்திருந்தார். கண் திறந்து என்னைப் பார்த்தார்.

"டப்பாவ அளந்தாச்சுங்களா?"

"மழையே இல்லீங்களே."

"அப்ப சுழி," என்றார்.

கையைப் பிடித்துக் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தேன். நிமிஷத்துக்கு முப்பத்தாறு. அதிலும் நடுநடுவே ஒன்று நின்று, நாம் பயப்பட ஆரம்பித்த பிறகு அடுத்தது வந்தது. குப்பி தலைமாட்டில் இருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். முதல் தேதி திறந்த குப்பி. ஏழு நாள் குடித்து, ஒன்பது நாள் நிறுத்தி, மூன்றரை நாள் குடித்திருக்கிறார். பாதிக்கு மேலேயே இருக்க வேண்டும். பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது.

குப்பிக்குப் பக்கத்தில் ஒரு கொட்டாங்கச்சி இருந்தது. அதில் நாலு மிளகு.

"இது என்னங்க?"

"அது பாக்கிங்க," என்றார் பெரியவர். "அம்மா இருந்த ஒம்பது நாளுல பதினெட்டு வேள விட்டுப்போச்சு. தாளுதான் வெளிய இருக்குதே, மறந்துபோவக் கூடாதுன்னு வேளைக்கு ஒரு மெளகு போட்டு வெச்சேன். இப்ப ஒவ்வொரு வேளையும் அந்த வேளையோடத ஒண்ணு, விட்டதுல ரெண்டு. முப்பது சொட்டு. குடிச்சதும் ரெண்டு மெளக எடுத்துப்போடறது. இன்னும் நாலுதானுங்க. சாயங்காலம் ரெண்டு, நாளைக்குக் காத்தால ரெண்டு. தீந்துரும்."

கட்டத்தாளை எடுத்துக் காட்டினார். எட்டாம் தேதியிலிருந்து வெறுமையாக இருந்த கட்டங்களில் பதினாலு, கரிப்புள்ளியால் நிரம்பியிருந்தன.

"யாருங்க இப்படிக் குடிக்கச் சொன்னது?"

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "நீங்கதானுங்களே. ஐப்பசியில காச்சலு வந்து கெடந்தப்ப, விட்ட நாளையும் சேத்து அளந்துட்டாக் கணக்கு சரின்னு சொன்னீங்களே. ஒரு கட்டங்கூட வெறும இருக்கக் கூடாதுன்னும் சொன்னீங்க."

குப்பியை எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன். நான் திரும்பி வரும்வரை ஒரு சொட்டும் கூடாது, நிலாவாரையும் கூடாது, எழுந்து நடக்கக் கூடாது என்று ஆத்தாவிடம் சொன்னேன். "ஏங் கண்ணு, பொழச்சுக்குவாரா?" என்று கேட்டார். இந்தத் தடவை சிரிப்பு இல்லை. தெரியாது, கேட்டுக்கொண்டு வருகிறேன் என்றேன். வேறு என்ன சொல்லியிருந்தாலும் பொய்யாகியிருக்கும்.

ஒன்பது மணிக்குப் புறப்பட்டவன் இரண்டரை மணிக்கு டிஸ்பென்சரியில் இருந்தேன். அந்த இறக்கத்தில் நான் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு வேகமாக நடந்ததில்லை. டாக்டர் குப்பியை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, கேள்வி கேள்வியாகக் கேட்டார்.

"எத்தனை வேளை விட்டுப்போச்சு?"

"பதினெட்டு."

"அதுல எத்தனை சேர்த்துக் குடிச்சிருக்கார்?"

"பதினாலு."

"அவ்வளவு சுத்தமா எப்படித் தெரியும்?"

"மிளகு போட்டு எண்ணியிருக்கார்."

அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி என்னைப் பார்த்தார். "என்கிட்ட வர்ற நோயாளிகள்ல இப்படி ஒழுங்கா இருந்தவர் இவர் ஒருத்தர்தான். அந்த ஒழுங்குதான் ஆளைக் கவுத்திருக்கு. மஞ்சளாத் தெரியுதுன்னாரா?"

"ஆமாம். அம்மா இன்னும் வீட்டில் இருக்கிறாள் என்று நினைக்கிறார்கள்."

"மருந்து அதிகமானா கண்ணுக்கு அப்படித் தெரியும். வாந்தியும் அதுதான். நாடி இறங்கறதும் அதுதான்." குப்பியைக் கையில் எடுத்து, "வேளை தவறக் கூடாதுன்னு அவருக்குச் சொன்னீரா?" என்று கேட்டார்.

"சொன்னேன். தாளிலும் போட்டேன்."

"தவறிட்டா என்ன செய்யணும்னு?"

"சொல்லவில்லை."

"நானும் சொல்லலை," என்றார். "சொல்லியிருக்கணும். வயசானவங்களுக்கு முதல்ல அதைத்தான் சொல்லணும். இது சீமையில மலைச்சரிவுல முளைக்கிற ஒரு பூச்செடியோட இலை. உள்ளே போனா லேசில வெளியே போகாது. சின்ன வயசுக்காரன் உடம்பு கொஞ்சம் சீக்கிரம் தள்ளிடும். எழுபது வயசு உடம்பு பிடிச்சு வெச்சுக்கும். ஒன்பது நாள் குடிக்கலைன்னாலும் பழசுல கொஞ்சம் அவருக்குள்ளேயே வேலை பார்த்துக்கிட்டுத்தான் இருந்திருக்கு. அதுக்கு மேல மூணு பங்கு ஊத்தினா? பேதிக்கு வேற கொடுத்து இருந்த தெம்பையும் எடுத்திருக்காங்க."

மாற்று மருந்து ஏதும் உண்டா என்று கேட்டேன். நிறுத்துவதுதான் மருந்து என்றார். டோலியில் இறக்கினால் வழியிலேயே ஏதாவது ஆகலாம். படுத்த இடத்திலேயே இருக்கட்டும். கஞ்சி, கொஞ்சம் கொஞ்சமாக. பேதிக்கு ஒன்றும் கூடாது. தினமும் நாடியை எண்ணி எழுத வேண்டும். அறுபதுக்குக் குறையாமல் இரண்டு நாள் நின்று, பசியும் எடுத்தால் வந்து சொல்ல வேண்டும். "முதல் நாலு நாள் தாண்டணும். தாண்டிட்டார்னா பயமில்லை," என்றார்.

அன்று சாயந்திரம் அடிவாரத்தில் கோடை மழை பிடித்துக்கொண்டது. புளியஞ்சோலையில் தெரிந்தவர் வீட்டில் தங்கிவிட்டு, விடிந்ததும் ஏறினேன். நடுப்பகலுக்கு மேலே வந்தேன். நாடி 38.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு டப்பாவை அளந்தேன். சனி இரவு பெய்த மழை, ஞாயிறு அளக்கப்படாமல் குப்பியில் இருந்தது. இரண்டு நாளையும் சேர்த்து வளைவுக் கோடு போட்டேன். அங்கிருந்து நேரே பெரியவரிடம் போய்க் கையைப் பிடித்தேன். நாற்பது.

"என்னையும் டப்பாவாட்டம் அளக்க ஆரம்பிச்சுட்டீங்க," என்றார் மெல்ல. பிறகு, "சனிக்கெழம மழ பேஞ்சுதே. நீங்க கீழ போயிட்டீங்க. அது என்னாச்சுங்க?"

"இன்னிக்குச் சேர்த்து அளந்தேன்."

"கணக்கு சரியாப் போச்சுங்களா?"

"சரியாப் போச்சுங்க."

"அப்ப எனக்கு மட்டும் ஏனுங்க கூடாது? நாலுதான் பாக்கி. குப்பியக் குடுத்துருங்க, முடிச்சுப்போடறேன். மனசுல உறுத்திக்கிட்டே கெடக்குது."

கேட்டது முறையான கேள்வி. இரண்டு நாளாக வழியெல்லாம் நானும் அதைத்தான் எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நான் டப்பாவை அளந்ததும் என்னங்க செய்யறேன்?"

"கொட்டிப்போடுவீங்க."

"கொட்டினதுனாலதான் அடுத்த மழைக்கு இடம் இருக்குது. உங்க உடம்பு கொட்டறதில்லீங்க. அந்த ஒம்பது நாளுக்கு முன்னாடி குடிச்சதுலயே கொஞ்சம் இன்னும் உள்ளே நிக்குதாம். அதுமேல ஊத்தினா வழியும். அதான் இப்ப வழிஞ்சுக்கிட்டு இருக்குது."

"அப்ப உள்ள இருக்கறது மழயில்ல, கொளமுன்னு சொல்லுங்க," என்றார். சம்மதித்தாரா என்பது தெரியவில்லை. குப்பி என் வீட்டுப் பெட்டியிலேயே இருந்தது. நாலு மிளகும் கொட்டாங்கச்சியில் அப்படியே இருந்தன. அவர் அடிக்கடி அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதை நான் கவனித்தேன்.

செவ்வாய்க்கிழமை நாடி மறுபடியும் 38-க்கு இறங்கியது. அன்று நான் தோட்டத்துக்குப் போகவில்லை. முதலாளியின் அலமாரியில் இருந்த ஒரு பழைய இங்கிலீஷ் வைத்தியப் புத்தகத்தை எடுத்து அந்த இலையைப் பற்றி எழுதியிருந்த இரண்டு பக்கங்களைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எல்லாம் அதில் இருந்தது, மஞ்சள் உட்பட. தை மாதத்திலிருந்தே அந்தப் புத்தகம் அந்த அலமாரியில்தான் இருந்தது. அந்த வருஷம் நான் படித்து முடித்த புத்தகங்களின் பட்டியல் என் குறிப்பில் நீளமாக இருக்கிறது. அது அந்தப் பட்டியலில் இல்லை.

புதன் 44. வியாழன் 46, அரைக் கிண்ணம் சாமைக் கஞ்சி குடித்து, கக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை நான் உள்ளே நுழைந்ததும், கையைக்கூட நீட்டாமல், "ரைட்டரே, சாவல் வெள்ளையாயிருச்சுங்க," என்றார். வாசலில் அவர்கள் வீட்டு வெள்ளைச் சேவல் மேய்ந்துகொண்டிருந்தது. நாடி 54.

ஆத்தா அடுப்படியிலிருந்து வந்தார். "என்ற மூஞ்சி?"

"பழைய மூஞ்சிதான்."

"அதுக்குள்ளயா!" என்றார் ஆத்தா. சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

சனிக்கிழமை 60. ஞாயிறு 64. பங்குனி இருபத்தெட்டாம் தேதிப் பக்கத்தோடு அந்த எண்கள் முடிகின்றன. திங்கட்கிழமை நான் மறுபடியும் கீழே போனேன். டாக்டர் இந்தத் தடவை அளவைக் குறைத்தார்: காலையில் மட்டும் ஐந்து சொட்டு. முன்பு கொடுத்ததே அந்த வயதுக்குக் கொஞ்சம் அதிகம்தான் என்று தாமாகவே சொன்னார். இன்னொரு டாக்டர் அதை என்னிடம் ஒப்புக்கொண்டிருப்பாரா என்று தெரியவில்லை.

ஆனால் பெரியவர் புதுக் குப்பியைத் தொட மறுத்தார். பயத்தினால் இல்லை.

"பழைய பாக்கி நிக்கையில புதுசு எப்படீங்க ஆரம்பிக்கறது? நாலு இருக்குதே."

"அது பாக்கியே இல்லீங்க," என்றேன். டாக்டர் சொன்னதை மறுபடி சொன்னேன். குளத்தைச் சொன்னேன். புரிந்தது என்றார், ஆனால் கொட்டாங்கச்சியைக் காட்டினார். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் காட்டில் விட்ட நாளை ஒன்றுவிடாமல் செய்து தீர்த்த மனுஷன். அவரிடம் போய், விட்டது விட்டதுதான் என்று சொல்வதற்கு எனக்கே கூச்சமாக இருந்தது. மருந்து இல்லாமல் இன்னும் பத்து நாள் போனால் கால் மறுபடியும் வீங்கும். அதுவும் அவருக்குத் தெரியும். அப்படியும் கை நீளவில்லை.

ஆத்தா முறத்தில் சாமையைப் புடைத்துக்கொண்டிருந்தவர், தலையைத் தூக்காமலே கேட்டார்.

"அந்தப் பதினெட்டு வேளையும் நீ யாருக்காவ விட்ட?"

"அம்மாளுக்கு."

"நீயா மறந்து விட்டயா? சோம்பேறித்தனத்துல விட்டயா?"

"நானெங்க விட்டேன்? அவ ஊட்டுக்குள்ள இருக்கறப்பக் குடிக்கக் கூடாதுன்னு நீதான எடுத்து வெளிய வெச்ச."

"அப்ப அது அவளுக்குன்னு விட்டது. அவளுக்குக் குடுத்துப்போட்டத அவகிட்ட இருந்து திருப்பி எடுத்துக் குடிச்சிருக்கற. பதினாலு வேளையத் திருடித் தின்னுபோட்டு மிச்சம் நாலையும் திங்கோணும்கற. அவ சும்மா உட்டுருவாளா? அதான் கண்ணக் கட்டிப்போட்டா." முறத்தைக் கீழே வைத்தார். "எந்திரிச்சுப் போயி அந்த நாலையும் அவ காலடியில போட்டுட்டு வா. ஆனா மொள்ளப் போ. ரைட்டரக் கையப் புடிச்சுக்கச் சொல்லு."

பெரியவர் என்னைப் பார்த்தார். இதற்கு டாக்டரின் அபிப்பிராயம் என்ன என்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. "ஆத்தா சொல்றதுதான் சரிங்க," என்றேன். அன்று அதை முழுமனதோடுதான் சொன்னேன், இன்றும் சொல்வேன்.

காட்டோரத்தில், வேங்கை மரத்தடியில், மஞ்சள் பூசின கல்தான் அவர்கள் அம்மன். நூறு அடி தூரம். இரண்டு தரம் நின்று நின்று போனோம். நாலு மிளகையும் கல்லடியில் போட்டார். பிறகு தம் தலைப்பாகைத் துணியின் முனையை அவிழ்த்து இன்னும் பதினாலு எடுத்தார். குடித்ததும் எடுத்துப்போட்டதாகச் சொன்ன மிளகுகளையெல்லாம் முடிந்து வைத்திருந்தார். ஒவ்வொன்றாக எண்ணி அவற்றையும் போட்டார்.

மறுநாள் காலை ஐந்து சொட்டுக் குடித்தார். நான் புதுத்தாள் போட்டுக்கொடுத்தேன். இந்தத் தடவை நாளுக்கு ஒரு சூரியன் மட்டும், பிறை இல்லை. தாளின் அடியில், அவருக்குப் படிக்கத் தெரியாது என்றாலும், விட்ட வேளையைச் சேர்த்துக் குடிக்கக் கூடாது என்று பெரிய எழுத்தில் எழுதி, அதை வாயாலும் மூன்று தடவை சொன்னேன். அதற்குப் பிறகு மலையில் யாருக்கு மருந்துத் தாள் எழுதிக்கொடுத்தாலும் அந்த வரியைத்தான் முதலில் எழுதினேன்.

அந்த ஆவணி மாதம் பெரக்கரை நாட்டில் அவர் உறவில் ஒரு கல்யாணம். பெரியவர் மெதுவாக நடந்து போய், ஒரு நாள் தங்கித் திரும்பி வந்தார். குப்பியை எடுத்துப்போக மறந்துவிட்டார். மறுநாள் காலை எட்டு மணிக்கு நான் டப்பாவிடம் நின்றபோது, அவர் என் பக்கம் வராமல் காட்டோரமாகப் போய்க்கொண்டிருந்தார். கூப்பிட்டேன்.

"மருந்து குடிச்சாச்சுங்களா?"

"இன்னிக்கோடத குடிச்சாச்சுங்க. அஞ்சு சொட்டு."

"நேத்தையது?"

நின்று, உள்ளங்கையைத் திறந்து காட்டினார். ஒரு மிளகு இருந்தது.

"ஒண்ணுதானுங்க," என்றார். "போட்டுட்டு வாரேன். நீங்க அளந்து வையுங்க."